மாலை போட்டால் நிற்கிற குடி, கழற்றினால் ஏன் திரும்புகிறது?

கேள்வி: கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் கம்பெனிக்கு பஸ்ஸில் போய்வருகிறேன். வயது 41. தினம் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை இரண்டு. காலையில் எழுந்ததும் "இன்னைக்குத் தொடக்கூடாது" என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் அந்த நினைப்பு இருந்த இடம் தெரிவதில்லை. ஆனால் ஐயப்பனுக்கு மாலை போட்டால் 48 நாள் வாசனைகூடப் பிடிக்க மாட்டேன். மலை இறங்கின வாரமே பழையபடி. முழுக்க விட முடியாவிட்டாலும் குறைக்கவாவது வேண்டும். அந்த மனசை மற்ற நாளில் எப்படிக் கொண்டுவருவது?

பதில்:

மாலை போட்ட அன்று உங்களுக்குச் சரக்கு மேல் திடீரென வெறுப்பு வந்துவிடுவதில்லை. ஆசை இருக்கத்தான் செய்கிறது. மாறுவது மற்றதெல்லாம். குடிக்கலாமா வேண்டாமா என்று தினம் சாயங்காலம் மனசுக்குள் நடக்கிற பேரம் நின்றுபோகிறது, ஏனென்றால் அது கார்த்திகை முதல் தேதியே முடிவான விஷயம். கழுத்தில் மணி, இடுப்பில் கறுப்பு வேட்டி. பார்க்கிறவர்கள் "சாமி" என்கிறார்கள், தினம் ஊற்றிக்கொடுக்கிற கூட்டாளிகூட உங்களைப் பார்த்தால் கிளாஸை மறைத்து வைக்கிறான். வீட்டில் மரியாதை கூடுகிறது. குளியல், விளக்கு, சரணம், சாப்பாடு என்று சாயங்காலம் நிரம்பிவிடுகிறது. தவறினால் பதில் சொல்ல குருசாமி என்று ஒருவர் இருக்கிறார். இதில் எதுவுமே உணர்ச்சி இல்லை, எல்லாம் ஏற்பாடு. அந்த ஏற்பாட்டுக்குள் நாலு நாள் நின்ற பிறகுதான் "நான் குடிக்காத ஆள்" என்கிற உணர்ச்சி வருகிறது. மற்ற மாதங்களில் நீங்கள் இதையே தலைகீழாகச் செய்யப் பார்க்கிறீர்கள். உணர்ச்சி முதலில் வரட்டும், அப்புறம் நிறுத்துகிறேன் என்று உட்கார்ந்திருக்கிறீர்கள்.

மாலையில் ஒரு ஓட்டையும் உண்டு. அதற்கு முடிவு தேதி இருக்கிறது. மலை இறங்கியதும் மணியோடு சேர்ந்து எல்லா ஏற்பாடும் ஒரே நாளில் கழன்றுவிடுகிறது. "இத்தனை நாள் இருந்தோமே" என்று விட்டதைப் பிடிக்கிற எண்ணமும் சேர்கிறது. அந்த நாள் ஆபத்தான நாள். 48 நாளில் உடம்பு தாங்கும் அளவு குறைந்திருக்கும், பழைய அளவே கூடுதலாக ஏறும். அதோடு வண்டி எடுப்பதை நினைத்துப் பாருங்கள்.

மேலே போவதற்கு முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். மாலை போட்ட முதல் மூன்று நாள் உங்களுக்கு எப்படி இருந்தது? கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, வாந்தி எதுவும் இல்லாமல், தூக்கம் மட்டும் சரியில்லாமல் போயிருந்தால் குறைக்கும் வழியில் போகலாம். காலையில் கை நடுங்கி ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருப்பவருக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர் தானாக நிறுத்தவே கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலிருந்து நடுக்கம் தொடங்கும், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாததைப் பார்த்துப் பிதற்றுகிற சித்தப்பிரமை வரலாம். உயிர் போகிற விஷயம் இது, 108-ஐ அழைக்க வேண்டிய நேரம். இப்படித் திடீரென நிறுத்துவதும் தொடங்குவதுமாக இருப்பவருக்கு அடுத்தடுத்த முறை இது கூடுதலாக வரலாம். போன வருஷம் ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த வருஷத்துக்கு உத்தரவாதம் இல்லை. மஞ்சள் காமாலை, வயிற்றில் நீர், கணையக் கோளாறு வந்தவர்களுக்கும் குறைப்பது என்ற பேச்சே கிடையாது, மருத்துவர் துணையோடு முழுக்க விடுவதுதான்.

அடுத்து அளவு. 180 மில்லி குவார்ட்டரில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். 10 கிராமை ஓர் அளவு என்று கொண்டால் ஒரு குவார்ட்டர் ஆறு அளவு. நீங்கள் வாரத்துக்கு எட்டு குவார்ட்டர், அதாவது சுமார் 480 கிராம். பிரிட்டன் அரசு தன் மக்களுக்குச் சொல்கிற வார வரம்பு 112 கிராம், நம் கணக்கில் இரண்டு குவார்ட்டருக்கும் சற்றுக் குறைவு. உலக சுகாதார அமைப்பு 2023-இல் இன்னும் வெளிப்படையாகவே சொன்னது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. "பீர்தானே" என்பவர்களுக்கும் ஒரு வரி: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் சுமார் 41 கிராம் இருக்கிறது.

ஈரல் ஒரு மணி நேரத்துக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி பத்து மணிக்கு முடித்த குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக விடியற்காலை ஆகிவிடும். முதல் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர் ரத்தத்தில் மிச்சம் இருக்கலாம். சனிக்கிழமை இரண்டு என்றால் ஞாயிறு மதியம்வரை போகும். வண்டி ஓட்டுபவருக்குச் சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

இனி நீங்கள் கேட்ட மனசு. குற்ற உணர்வு உச்சத்தில் இருப்பது காலை ஆறரைக்கு. ஆசை உச்சத்தில் இருப்பது சாயங்காலம் ஆறரைக்கு. இரண்டும் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. காலையில் வருகிற படபடப்பில் ஒரு பங்கு வெறும் ரசாயனம், போதை இறங்கும்போது நரம்பு துடிப்பது. அது மதியத்துக்குள் அடங்கிவிடும், அதோடு உங்கள் சபதமும் அடங்கும். சாயங்காலம் பசி, அலுப்பு, பஸ் நெரிசல். அந்த நேரத்தில் உடம்புக்கு ஞாபகம் இருப்பது முதல் பெக்கின் ஆறுதல் மட்டும்தான், விடியற்காலை மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழித்துக் கிடந்தது ஞாபகம் இருக்காது. ஆகவே காலை மனசைச் சாயங்காலத்துக்குச் சுமந்துகொண்டு போக ஒரு வழி வேண்டும்.

நன்றாக வேலை செய்கிற வழி உங்கள் குரல்தான். குடித்த மறுநாள் காலை போனில் ஒரு நிமிஷத்துக்குள் பேசிப் பதிவு செய்யுங்கள். புத்திமதி வேண்டாம், "இனிமே குடிக்கமாட்டேன்" என்றும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன், யார் என்ன சொன்னார்கள், சாப்பிட்டேனா, எதற்குக் கத்தினேன், இப்போது உடம்பு எப்படி இருக்கிறது. தொண்டை கரகரப்போடு இருக்கிற குரலிலேயே இருக்கட்டும். அதைக் கேட்க ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வழியில் சூளகிரி சரியாக இருக்கும். பஸ் சூளகிரி தாண்டும்போது ஹெட்செட் போட்டுக் கேட்க வேண்டும். ஏன் வீட்டுப் பக்கம் வந்த பிறகு கூடாது என்றால், கடை வெளிச்சமும் கூட்டாளி முகமும் கண்ணில் பட்டபின் எந்தக் குரலும் காதில் ஏறாது. ஒரு பெக் உள்ளே போன பிறகு கேட்டால் அழுகை வரும், அந்த அழுகைக்கு இன்னொரு பெக் தேவைப்படும். அவ்வளவுதான். பத்துப் பதினைந்து நாளில் அந்தப் பதிவு காதுக்குப் பழகி மரத்துவிடும், புதிதாக ஒன்று பேசி மாற்றுங்கள்.

இன்னொரு பயிற்சி, ஆலோசகர்கள் வழக்கமாகச் செய்வது. அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதத் தொடங்கி, பிறகு ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த முறையில் வருகிறது. குறைப்பது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போடுங்கள். ஆறு என்று வைத்துக்கொள்வோம். இப்போது கேட்க வேண்டியது "ஏன் பத்து இல்லை" என்பது இல்லை. அப்படிக் கேட்டால் மனசு சாக்குகளை அடுக்கும். "ஏன் மூன்று இல்லை, ஆறு?" என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதில்கள் எல்லாம் உங்களுடைய காரணங்கள். அவற்றை உங்கள் பேச்சு வழக்கிலேயே எழுதி வையுங்கள். "ஈரல் கெடும்" என்பது பெரும்பாலும் அந்தப் பட்டியலில் மேலே வராது. பத்து வருஷம் கழித்து வரப்போகிற நோய்க்கு இன்று ராத்திரி எட்டு மணிக்கு பலம் இல்லை. தினம் நடக்கிற, உங்களை உறுத்துகிற சின்ன விஷயத்துக்குத்தான் பலம் உண்டு.

எது அப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். குடிக்கிறவர் இருக்கிற வீட்டில் பிள்ளைகள் வாசல் சத்தத்தைப் படிக்கக் கற்றிருப்பார்கள். வண்டி ஒரே மிதியில் ஸ்டாண்டில் நின்றால் புத்தகத்தை விரித்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு மூன்று தடவை தடுமாறி நின்றால், செருப்பு கழற்றும் சத்தம் வருவதற்குள் பாயைப் போட்டுத் தூங்குவது மாதிரிப் படுத்திருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி உண்டா என்று மனைவியிடம் ஒரு ஞாயிறு காலை, நிதானமாக இருக்கும்போது கேளுங்கள். "நான் குடிக்கிறது பத்தி என்ன நினைக்கிற" என்று கேட்காதீர்கள், அது சண்டையில் முடியும். "நான் போட்டுட்டு வர்ற அன்னைக்கு ஏழு மணியில இருந்து பத்து மணி வரைக்கும் வீட்ல என்ன நடக்கும், சொல்லு" என்று கேளுங்கள். இடையில் பேசாமல் கேட்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேட்டு மனசு கலங்கிய சூட்டில் பிள்ளை தலையில் கைவைத்துச் சத்தியம் செய்யாதீர்கள். கோயிலில் கயிறு கட்டுவது வேறு, அதில் குறைந்தபட்சம் ஒரு கட்டுப்பாடும் ஊர் சாட்சியும் உண்டு. பிள்ளை தலைச் சத்தியம் உடைந்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் என்று வீடு நினைக்கும், நீங்களும் நினைப்பீர்கள். அதற்குப் பிறகு குடி மறைவாக நடக்கும், சந்துக்கடைக்கு இடம் மாறும். "நேற்று செய்தது தப்பு" என்கிற எண்ணம் ஆளைத் திருத்த உதவும். "நான் உருப்படாதவன்" என்கிற எண்ணம் கடைக்குத்தான் கொண்டுபோய் விடும், ஏனென்றால் அந்த எண்ணத்தை மறக்கத் தெரிந்த ஒரே வழி அதுதான். குடும்பமும் ஊரும் வெட்கப்படுத்தியே திருத்தப் பார்ப்பது பெரும்பாலும் இதனால்தான் தோற்கிறது.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். சரக்கும் சைடு டிஷ்ஷும் சேர்த்து வாரம் 1,500 ரூபாய் என்று வைத்தால் வருஷத்துக்கு 78,000. இந்த எண் ஒரு நாள் அதிர்ச்சி தரும், அடுத்த நாள் பழகிவிடும். குடிக்காத அன்று இரவே அந்த நாளின் பங்கு 200 ரூபாயை போனிலிருந்து தனிக் கணக்குக்கு, முடிந்தால் பிள்ளை பேரில் இருக்கிற கணக்குக்கு, அனுப்பிவிட்டுத் தூங்குங்கள். மாதக் கடைசியில் மொத்தமாகப் போடுகிறேன் என்றால் அந்தப் பணம் இருக்காது. பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் வாரக்கூலி வாங்குகிறவர்களுக்கும் இதே வழிதான். கூலி கையில் வந்ததும், பஸ் ஏறும் முன்பே வீட்டுக்கு கூகுள் பேயில் போக வேண்டும்.

ஏற்பாட்டுக்கு வருவோம். உங்கள் மாதிரி தினம் ஒரு குவார்ட்டர்காரருக்கு, தினம் பாதியாகக் குறைப்பதைவிட வாரத்தில் சில நாள் தொடாமல் இருப்பது எளிது. காரணம் நம் ஊர்க் கடை. 90 மில்லி வேண்டுமென்றால் கட்டிங் போட ஆள் தேட வேண்டும். ஆள் சேர்ந்தால் பேச்சு சேரும், பேச்சு சேர்ந்தால் இரண்டாவது குவார்ட்டர் சேரும். தனியாக வாங்கிப் பாதி வைத்தால் மிச்சம் இருக்கிற பாட்டில் தூங்க விடாது. அதனால் முதல் இரண்டு வாரம் திங்கள், செவ்வாய், புதன் தொடுவதில்லை என்று வையுங்கள். அடுத்த இரண்டு வாரம் வியாழனையும் சேர்க்கலாம். சனிக்கிழமை இரண்டை ஒன்றாக்குவது அதற்குப் பிறகு. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்தால் சனிக்கிழமை மொத்தமாக உடையும். விட்ட நாளின் அளவு சனிக்கிழமை சேர்ந்துகொள்கிறதா என்பதையும் பாருங்கள், பலரும் ஏமாறுகிற இடம் அது. நாள் எண்ணிக்கையோடு வாரத்து மொத்த குவார்ட்டரையும் காலண்டரில் குறிக்க வேண்டும். திட்டமிட்டுக் குறைக்கும் இந்த நாட்களிலும் நடுக்கமோ வியர்வையோ வந்தால் குறைப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

தொடாத நாளின் சாயங்காலத்துக்கு வேலை கொடுங்கள். பஸ் ஏறும் முன்பே வயிற்றுக்கு ஏதாவது போட வேண்டும்: இரண்டு வாழைப்பழம், வேகவைத்த நிலக்கடலை, சுண்டல், எதுவானாலும் சரி. குடி ஆசை என்று நினைப்பதில் ஒரு பங்கு பசியும் தாகமுமாக இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் குளியல், உடனே சாப்பாடு. களியும் கீரைக் குழம்பும் வயிறு நிறையத் தின்றவருக்குக் குடிக்கத் தோன்றுவது குறைவு, ஏழரைக்கே சாப்பிட்டுவிடுவது அதனால்தான். கடை இருக்கிற வழியை விட்டு வேறு ஸ்டாப்பில் இறங்குங்கள். கடை பன்னிரண்டு முதல் பத்து மணிவரை. நீங்கள் தாண்ட வேண்டியது ஆறரையிலிருந்து பத்துவரை. அதிலும் ஆசை ஒரே சீராக இருக்காது. ஏறும், பதினைந்து இருபது நிமிஷத்தில் இறங்கும், மறுபடி ஏறும். ஏறும்போது அதோடு வாதாட வேண்டாம், அரை மணி கழித்துப் பார்க்கலாம் என்று தள்ளுங்கள். உங்கள் குருசாமியோ வேறு ஒரு மூத்தவரோ சம்மதித்தால், வருஷம் முழுக்க இரவு ஒன்பது மணிக்கு ஒரு போன். "இன்னைக்கு இல்லை சாமி" அல்லது "இன்னைக்கு ஒண்ணு சாமி". அவர் திட்டக்கூடாது என்பதை முதலிலேயே பேசி வையுங்கள். திட்டுவார் என்று தெரிந்தால் பொய்தான் வரும்.

மாரியம்மன் பண்டிகைக்குக் கிடா வெட்டு, ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல், எருது விடும் விழா, சாவு வீடு: இந்த நாட்களுக்குத் தனி முடிவு முன்னதாகவே வேண்டும். மாலை போட்டவரை யாரும் வற்புறுத்துவதில்லை, மற்றவருக்கு அந்தக் கவசம் கிடையாது. "டாக்டர் மாத்திரை ஓடுது, சேரக்கூடாது" என்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். "குறைச்சுக்கிட்டேன்" என்று சொன்னால் நாலு பேர் சேர்ந்து வாதாடுவார்கள். முதல் இரண்டு மாதம் மாத்திரையைச் சொல்லிக்கொள்வதில் தப்பில்லை.

எப்படியும் ஒரு புதன்கிழமை தவறும். அப்போது வருகிற "போனது போச்சு, இந்த வாரம் முடியட்டும்" என்கிற எண்ணம், குடித்த அந்த ஒரு குவார்ட்டரைவிடக் கெடுதல். மாலை பழக்கத்தில் இருந்து வருகிற எண்ணம் அது, அங்கே தவறினால் விரதம் முடிந்தது. இங்கே விரதம் இல்லை. தவறிய நாளில் எத்தனை மணிக்கு, யாரோடு, சாப்பிட்டிருந்தேனா என்று மூன்று விஷயம் மட்டும் குறித்துவிட்டு வியாழக்கிழமையைத் திட்டப்படி நடத்துங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம். குடிக்காமல் வருகிற அன்று "என்ன இன்னைக்கு அதிசயமா" என்ற குத்தல் வேண்டாம், சாதாரணமாகச் சாப்பாடு போட்டால் போதும். போதையில் இருக்கும்போது நியாயம் பேச வேண்டாம். முக்கியமாக, குடியை நிறுத்தும் மருந்து என்று விற்கிற பொடியையோ மாத்திரையையோ தெரியாமல் குழம்பில் கலக்காதீர்கள். டைசல்பிராம் என்கிற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதய நோய் உள்ளவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த ஆபத்து இருக்கும். அது ஆளுக்குத் தெரிந்து, சம்மதித்து, மருத்துவர் கொடுக்க வேண்டிய மருந்து. அதேபோல, பல நாள் சாப்பிடாமல் குடித்தவருக்கு வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றச் சொல்லாதீர்கள். பி1 வைட்டமின் ஊசி முதலில் போகாவிட்டால் மூளை பாதிக்கலாம். "இவர் தினம் குடிக்கிறவர்" என்பதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஆறு வாரம் இப்படி முயன்றும் வார எண்ணிக்கை இறங்கவில்லை என்றால் அதை மன பலவீனம் என்று எடுத்துக்கொள்ளாமல் மருந்தைப் பற்றிக் கேளுங்கள். நால்ட்ரெக்ஸோன் என்று ஒரு மாத்திரை உண்டு, குடியில் கிடைக்கிற கிறக்கத்தைக் குறைத்து ஆசையை மட்டுப்படுத்தும். முழுக்க நிறுத்தும்வரை காத்திருக்காமலேயே தொடங்கலாம். ஈரல் பரிசோதனை பார்த்துத்தான் கொடுப்பார்கள், டிரமடால் போன்ற வலி மாத்திரை எடுப்பவருக்கு ஆகாது. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு ஊரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, மனநலப் பிரிவில் கேட்க வேண்டும். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், 14446 போதை மீட்பு உதவி எண், இரண்டும் இலவசம்.

போகும்போது ஈரல் பரிசோதனையோடு ஜிஜிடி (GGT) என்கிற ரத்தப் பரிசோதனையும் பார்க்கச் சொல்லுங்கள். குடி நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் பாதியாக இறங்கக்கூடிய எண் அது, குறைத்தாலும் அதற்கேற்ப இறங்கும். தொடங்கும் முன் ஒன்று, ஆறு வாரம் கழித்து ஒன்று. இரண்டு ரிப்போர்ட்டையும் காலண்டர் ஆணியிலேயே மாட்டி வையுங்கள், வாரத்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில்.